விலைவாசிக்கு அறுபது வினாடி: ஒரு பிரைமரி விவாதத்துக்குத் தயார்செய்ததில் நான் பட்ட பாடு

2022 ஜூன் 28 அன்று இல்லினாய் மாநிலத்தில் பிரைமரி தேர்தல், அதாவது பொதுத்தேர்தலில் கட்சியின் சார்பில் நிற்கப்போகிறவரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், நடந்தது. சிகாகோவைச் சுற்றியுள்ள புறநகர்த் தொகுதிகளில் ஒன்றில் குடியரசுக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபைக்கு நிற்க விரும்பிய ஒரு பெண் வேட்பாளருக்கு, விவாத மேடையில் பொருளாதாரக் கேள்விகள் வந்தால் என்ன சொல்வது என்று தயார்செய்து கொடுக்கும் பொறுப்பை நான் ஊதியம் இல்லாமல் ஏற்றிருந்தேன். பகலில் ஒரு வங்கியின் கடன் அபாயப் பிரிவில் வேலை, மாலையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் அறிமுகப் பொருளாதார வகுப்பு என்று என் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டின் கோடைப் பருவ வகுப்பை விட்டுக்கொடுத்ததில் ஏறத்தாழ 3,000 டாலர் வருமானம் போனது. அச்சுச் செலவு, பயணம், ஒத்திகைக்காக எடுத்த வாடகை அறை என்று கைக்காசு போனது தனிக்கணக்கு. தூக்கம் போனதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. இங்குள்ள தமிழர்களில் பலர் இப்போது பள்ளி வாரியத் தேர்தலிலிருந்து காங்கிரஸ் தேர்தல் வரை யாராவது ஒருவருக்கு உதவப் போகிறார்கள். அவர்களிடமும் ஒரு நாள், "நீங்க எகனாமிக்ஸ் படிச்சவங்கதானே, விலைவாசி பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்று யாராவது கேட்பார்கள். அந்த இரண்டு பக்கம் எப்படி வளரும், மேடையில் அதற்கு என்ன கதி நேரும் என்று எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வேட்பாளரின் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதப் போவதில்லை. அவர்மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

இல்லினாயில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை. பிரைமரி அன்று வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தீவிரக் கட்சிக்காரர்கள்தான் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமாக மார்ச் மாதத்தில் நடக்கும் இந்தத் தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் தாமதமாக வந்து தொகுதி எல்லை வரைவதும் தள்ளிப்போனதால், அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்கு மாறியது. நாற்பது ஆண்டுகளில் காணாத விலையேற்றம் உச்சத்தை நெருங்கிய வாரங்களில் விவாதங்கள் வந்து விழுந்ததற்கு அதுவே காரணம். வேறு எந்தப் பொருளைப் பற்றியும் கூட்டம் கேட்கத் தயாராக இல்லை.

பிரச்சாரத்தை நடத்திய ஆலோசகர் என்னிடம் பேசியபோது, பொருளாதாரத்துக்கு மூன்று பேர் கொண்ட குழு இருக்கும், நான் எழுதுவதைச் சரிபார்க்க ஒருவரும் ஒத்திகையில் எதிரியாக நிற்க ஒருவரும் வருவார்கள் என்றார். ஏப்ரல் முடிவதற்குள் ஒருவர் வேறு மாநிலத்துப் பிரச்சாரத்துக்குப் போய்விட்டார். இன்னொருவர் வரவே இல்லை. ஆலோசகரும் பாதி நேரம் வேறு இரண்டு வேட்பாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. எழுதுவது, சரிபார்ப்பது, எதிரியாக நின்று குத்துவது, கடிகாரம் பிடிப்பது என எல்லாம் என் தலையில் விழுந்தன. இதைப் பற்றிப் பேசி ஆறுதல் தேடக்கூட ஆள் இல்லை. என் தமிழ் நண்பர்களில் பெரும்பாலோர் மற்றக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள், "அந்தக் கட்சிக்கா வேலை செய்யறே?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் உதவப் போவதாக இருந்தால் முதலில் யார் யார் உடனிருப்பார்கள், உங்கள் எழுத்தைக் கடைசியாக யார் பார்ப்பார், விவாதம் முடிந்ததும் யாரிடம் பேசலாம் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தன்னார்வ வேலைக்கு எதற்குக் காகிதம் என்று கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைத்தான் ஆலோசகர்கள் நம்பியிருக்கிறார்கள்.

முதலில் அதிபர் வேட்பாளராக விரும்பிய குடியரசுக் கட்சிக்காரர்கள் மோதிய பழைய பிரைமரி விவாதங்களைப் பார்த்தேன், அது வீண்போகவில்லை. 2011 நவம்பரில் மிச்சிகனில் நடந்த விவாதம் பொருளாதாரத்தைப் பற்றியது. அங்கேதான் டெக்சஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, தான் மூடப்போகும் மூன்று அரசுத் துறைகளில் இரண்டின் பெயரைச் சொல்லிவிட்டு மூன்றாவது நினைவுக்கு வராமல் மேடையிலேயே தவித்தார். அதைப் பார்த்ததும், எண்ணைச் சொல்லிவிட்டுப் பட்டியல் போடும் வாக்கியம் எதையும் என் வேட்பாளருக்கு எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். 2016 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷையரில் மார்கோ ரூபியோ ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, இது மனப்பாடம் செய்த 25 வினாடிப் பேச்சு என்று கிறிஸ் கிறிஸ்டி அங்கேயே போட்டு உடைத்தார். ரூபியோ அந்த மாநிலத்தில் ஐந்தாம் இடத்துக்குப் போனார். இந்தக் கதையைச் சொல்லும் ஆலோசகர்கள், குத்திய கிறிஸ்டி ஆறாம் இடம் வந்து போட்டியிலிருந்தே விலகியதைச் சொல்வதில்லை. மேடையில் ஒருவரை வீழ்த்துகிறவருக்கே வாக்கு வந்து சேரும் என்று நம்பி உத்தி வகுப்பவர்களிடம் அந்த இரண்டாம் பாதியை நினைவூட்டுங்கள். பலமுனைப் போட்டியில் இருவர் அடித்துக்கொண்டால் ஓரமாக நிற்கும் மூன்றாமவருக்குத்தான் லாபம்.

பிரைமரி விவாதத்துக்கும், இரு கட்சிகளும் மோதும் நவம்பர் பொதுத்தேர்தல் விவாதத்துக்கும் உள்ள வேறுபாடு, நான் நினைத்ததைவிட ஆழமானது. நவம்பரில் எதிர்க்கட்சியைக் குறை சொல்லிவிடலாம். பிரைமரியில் மேடையில் இருக்கும் எல்லோரும் அந்தக் குறையை ஏற்கெனவே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே யார் அதை அதிக உறுதியோடு சொல்கிறார் என்பதே போட்டியாகிவிடுகிறது. பணமும் விலையும் உறுதியாகப் பேச எளிதான விஷயங்கள் அல்ல. "ஓரளவுக்கு", "பெரும்பாலும்" என்ற சொற்கள் இல்லாமல் பொருளாதாரத்தில் உண்மை பேசுவது கடினம். அந்தச் சொற்கள் கட்சிக்காரர்களின் காதில் தயக்கமாகவே விழும்.

முதல் விவாதம் மே மாத நடுவில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. விடைக்கு அறுபது வினாடி, மறுப்புக்கு முப்பது. முன்கூட்டி வாக்களிப்பது மே 19 அன்று தொடங்கவிருந்ததால் அது முக்கியமான இரவு. ஏப்ரல் மாதப் பணவீக்கம் 8.3 விழுக்காடு என்று சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு மூதாட்டி மடியில் மளிகைக்கடை ரசீதை விரித்து வைத்திருந்தார்; கேள்வி நேரம் வந்ததும் எழுந்து, ஒரு டஜன் முட்டைக்குத் தான் கொடுத்த விலையை வாசித்துவிட்டு, "பழைய விலை எப்போது திரும்பும்?" என்று கேட்டார். முந்தைய வசந்தத்தில் நாட்டுச் சராசரியில் ஒன்றரை டாலருக்குச் சற்று மேலாக இருந்த முட்டை அப்போது மூன்று டாலரை நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டியாளர்களில் ஒருவர், தான் போனால் 2019 விலை திரும்பிவிடும் என்றார், கைதட்டல் எழுந்தது. என் வேட்பாளர் நேர்மையானவர். பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது, விலை திரும்பி இறங்குவதல்ல என்று சொன்னார். பாடநூலில் இருப்பதும் நான் வகுப்பில் சொல்வதும் அதுதான். அரங்கிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. அந்த மூதாட்டி ரசீதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த கேள்வி அதைவிட மோசமாகப் போனது. விலையேற்றத்துக்குக் காரணம் என்ன என்று நடத்துநர் கேட்டபோது, இன்னொரு போட்டியாளர், அமெரிக்க வரலாற்றில் அடிக்கப்பட்ட எல்லா டாலர்களிலும் 80 விழுக்காடு கடந்த இரண்டு ஆண்டுகளில் அடிக்கப்பட்டவை என்றார். என் வேட்பாளர், பண அளவு பெருகத் தொடங்கியது 2020-இல் என்று திருத்தினார். "அப்படியானால் நம்முடைய அதிபரைக் குறை சொல்கிறீர்களா?" என்று எதிரி உடனே திருப்பினார். 2.2 டிரில்லியன் டாலர் கொரோனா உதவிச் சட்டத்தில் 2020 மார்ச் 27 அன்று கையெழுத்திட்டவர், அப்போது அதிபராக இருந்த அதே கட்சியின் டிரம்ப். செனட்டில் அது 96-க்கு 0 என்று நிறைவேறியது. அது உண்மை, ஆனால் குடியரசுக் கட்சியின் பிரைமரி மேடையில் அந்த உண்மைக்கு இருக்கை இல்லை. முப்பது வினாடியில் வேட்பாளர் தடுமாறினார். வண்டி நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் ஆலோசகரிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது: பேராசிரியர் பாணி விடைகள் நம்மைக் கவிழ்த்துவிட்டன என்று. தொலைபேசியைத் தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. நான் விடைகளை எழுதிக் கொடுத்து மேடைக்குப் போன அட்டைகளை அவர் ஒரு முறைகூடப் படித்துப் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கோபம், வீட்டுக்குப் போனதும் அழுகை.

மறுநாள் விவாதத்தின் ஒளிப்பதிவை ஒலியில்லாமல் ஒரு முறையும் ஒலியோடு ஒரு முறையும் பார்த்தேன். அந்த மூதாட்டியின் கேள்வியில் குழப்பம் ஒன்றும் இல்லை. அவர் கேட்டது விலையின் உயரத்தை. நாங்கள் சொன்னது விலையின் வேகத்தை. பணத்தைப் பற்றி மக்களிடையே உலவும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை, இன்னொரு நியாயமான கேள்விக்குச் சரியாகவே பொருந்தும் விடைகள். அந்தக் கேள்வி எது என்று கண்டுபிடிக்காமல் விடையை மட்டும் திருத்தப் போனால், எதிரே இருப்பவருக்கு நாம் அவருடைய வலியையே மறுப்பதாகப் படுகிறது. இதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வோர் அட்டையும் இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான்.

விலை திரும்புமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டோம். எல்லா விலையும் ஒன்றுபோல் நடப்பதில்லை. பெட்ரோல், முட்டை, சமையல் எண்ணெய் போன்றவை வரத்துக் குறைந்தால் ஏறி, வரத்து வந்தால் இறங்கவும் செய்யும். அந்த வசந்தத்தில் முட்டை ஏறியதற்குப் பறவைக் காய்ச்சலில் கோழிகள் அழிந்தது ஒரு பெரும் காரணம். வீட்டு வாடகை, முடிதிருத்தக் கட்டணம், உணவகச் சாப்பாடு ஆகியவற்றுக்குள் கூலி அடங்கியிருப்பதால், அவை ஏறியபின் இறங்குவது அரிது. எல்லா விலையும் ஒருசேர இறங்கிய காலமும் இந்த நாட்டில் இருந்திருக்கிறது: 1930-க்கும் 1933-க்கும் இடையில் விலைகள் ஏறத்தாழ கால் பங்கு இறங்கின, அதே காலத்தில் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ கால் பங்கினர் வேலையில்லாமல் இருந்தார்கள், விளைபொருளுக்கு விலையில்லாமல் விவசாயிகள் கடனில் நிலத்தை இழந்தார்கள். இதையெல்லாம் மேடையில் சொல்ல நேரமில்லை என்றாலும் வேட்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் நான் எழுதிய விடை இது: "முட்டையும் பெட்ரோலும் இறங்கும், இறங்க வேண்டும், வாடகை இறங்காது, அதனால் உங்கள் சம்பளமும் ஓய்வூதியமும் அதை எட்டிப்பிடிக்க வேண்டும்." 2022-க்கான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய உயர்வு 5.9 விழுக்காடு, விலையோ 8 விழுக்காட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஓய்வூதியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்துச் சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படாது.

அந்த 80 விழுக்காட்டுக் கதைக்குப் பின்னால் ஒரு வரைபடம் இருக்கிறது. எம்1 என்ற பண அளவு (மக்கள் கையிலுள்ள ரொக்கமும் உடனே எடுக்கக்கூடிய வங்கிப் பணமும்) 2020 தொடக்கத்தில் சுமார் 4 டிரில்லியன் டாலராக இருந்து, அடுத்த ஆண்டின் இறுதியில் 20 டிரில்லியனைத் தொடுவதாக அது காட்டும். பார்த்தால் எவருக்கும் நெஞ்சு படபடக்கும். நடந்தது என்னவென்றால், சேமிப்புக் கணக்கிலிருந்து மாதத்துக்கு ஆறு முறைக்குமேல் பணத்தை மாற்றக்கூடாது என்றிருந்த விதியை 2020 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் நீக்கியது. அதன்பின் சேமிப்புக் கணக்குகளும் எம்1-க்குள் சேர்க்கப்பட்டு, மே 2020-லிருந்து அந்தக் கோடு செங்குத்தாகத் தாவியது. புதிதாகச் சேர்ந்ததில் பெரும்பகுதி மக்களின் பழைய சேமிப்புப் பணம்தான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு எதிரி பொய் சொல்கிறார் என்று சொல்வதும் நேர்மையல்ல. ஆரம்பத்திலிருந்தே சேமிப்பையும் உள்ளடக்கிய எம்2 அளவு, 2020 பிப்ரவரியில் சுமார் 15.4 டிரில்லியனாக இருந்து 2022 தொடக்கத்தில் 21.7 டிரில்லியனை எட்டியது. அது 40 விழுக்காட்டுப் பெருக்கம், அதுவே மிகப் பெரியது. ஆகவே அட்டையில், "80 இல்லை, 40, அந்த 40-ஏ போதுமான அளவு அதிகம்" என்று எழுதினேன். எதிரியின் கருத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டு எண்ணை மட்டும் திருத்தினால், கூட்டம் நம்மை எதிரணிக்காரராகப் பார்ப்பதில்லை. ஆண்டு எதையும் சொல்லாமல் எழுதியது வேண்டுமென்றே செய்தது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை முழு நிம்மதி இல்லை. ஒரு கட்சியின் மேடைக்கு எழுதுகிறவர், எதைச் சொல்லாமல் விடச் சம்மதம் என்பதை முதல் நாளே தனக்குள் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வேறு சில எண்ணங்களைக் குறுக்கிச் சொல்கிறேன். அரசு வெளியிடும் பணவீக்கக் கணக்கில் உணவும் எரிபொருளும் சேர்வதே இல்லை என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். தலைப்பில் வரும் எண்ணில் இரண்டும் உண்டு. அவற்றை நீக்கிய இன்னொரு எண்ணும் தனியாக வெளியாகிறது. 2022 மே மாதத்துக்கு முதலாவது 8.6, இரண்டாவது 6.0. பெரிய எண்ணையே பயன்படுத்துங்கள், சண்டையே வராது. டாலர் சரிந்துகொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. ஜூன் நடுவில் டாலர் மற்ற நாணயங்களுக்கு எதிராக இருபது ஆண்டுகளில் இல்லாத வலுவோடு இருந்தது. யூரோ நாடுகளிலும் அப்போது பணவீக்கம் 8.1 விழுக்காடு. அரோரா பாலாஜி கோயில் உணவுக்கூடத்தில் ஒருவர் என்னிடம், "டாலர் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க, ஆனா ஊருக்கு அனுப்பினா எழுபத்தெட்டு ரூபாய் வருதே, எது நிசம்மா?" என்று கேட்டார். இரண்டுமே நிசம்தான். உள்ளூர்க் கடையில் டாலர் எவ்வளவு வாங்கும் என்பது ஒரு கணக்கு, ரூபாய்க்கு எதிராக எவ்வளவு பெறும் என்பது வேறொரு கணக்கு. ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்ற ஏற்ற இரண்டாவது பெரும்பாலும் உயரும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரே நிமிடத்தில் விளங்கும் இந்தச் செய்தியை, வாழ்நாளில் ஒரே நாணயத்தை மட்டும் பயன்படுத்தியவர்களுக்கு விளங்கவைக்க எனக்கு வழி கிடைக்கவில்லை, அட்டையிலிருந்து எடுத்துவிட்டேன்.

1913-இலிருந்து டாலர் தன் மதிப்பில் 96, 97 விழுக்காட்டை இழந்துவிட்டது என்ற வாதம் எந்த மேடையிலும் வரும். கணக்கு சரிதான். அடுத்த ஆண்டில் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி தருகிறேன் என்றதே உலகச் செய்தியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், விலை மட்டும் ஏறவில்லை, கூலியும் ஏறியிருக்கிறது என்பது தானாகப் புரியும்.

காகிதப் பணத்தைவிடத் தங்கமும் வெள்ளியுமே மதிப்பைக் காக்கும் என்ற வாதமும் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. 2011 செப்டம்பரில் ரீகன் நூலகத்தில் நடந்த விவாதத்தில் ரான் பால், ஒரு வெள்ளி டைம் (பத்து சென்ட்) நாணயத்துக்கு இன்றும் ஒரு கேலன் பெட்ரோல் வாங்கலாம் என்றார். 1964 வரை அடித்த பத்து சென்ட் நாணயத்தில் 2.25 கிராம் வெள்ளி உண்டு. அன்றைய வெள்ளி விலையில் அது சுமார் 3 டாலர் பெறும், பெட்ரோல் மூன்றரை டாலருக்குச் சற்று மேல். கிட்டத்தட்டச் சரி. எங்கள் இரண்டாவது விவாதம், மே மாதத்தின் 8.6 விழுக்காடு ஜூன் 10 அன்று வெளியான பிறகு வந்தது. நாடு முழுவதும் பெட்ரோலின் சராசரி விலை 5 டாலரைத் தாண்டியிருந்தது. வெள்ளியோ அவுன்ஸ் 21, 22 டாலருக்கு இறங்கியிருந்தது. அந்த நாணயம் அப்போது ஒன்றரை டாலர்தான் பெறும், கேலனில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. இதைக் கேட்டதும் என் வேட்பாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எதிரி நாணயத்தை எடுத்தால் அங்கேயே முடித்துவிடலாம் என்றார். 1964-இல் பெட்ரோல் கேலன் சுமார் 30 சென்ட், அதாவது அப்போதும் மூன்று டைம்தான் தேவைப்பட்டது என்று நான் சொன்னதும் அமைதியானார். கெட்டிக்கார எதிரி அதைத் திருப்பியடித்தால் 58 ஆண்டுகளாக வெள்ளி தன் மதிப்பைக் காத்திருக்கிறது என்பது அவருடைய வாதமாகிவிடும். ஆகவே வேறு வழியாகப் போனோம்: 2011-இல் ஒரு நாணயத்துக்குக் கிடைத்தது 2022-இல் மூன்று நாணயத்துக்குத்தான் கிடைக்கிறது, மாத ஓய்வூதியத்தை நம்பியிருப்பவர் இப்படி ஆடும் ஒன்றின்மேல் எப்படிக் குடும்பம் நடத்துவார்? நீங்கள் ஒரு விடையை எழுதியதும் அதற்கு எதிரான மிகச் சிறந்த வாதத்தை நீங்களே எழுதுங்கள். உதவிக்கு ஆளில்லாத எனக்கு, காலையில் எழுதியதை இரவில் எதிரியாக உட்கார்ந்து படிப்பது பழக்கமாயிற்று.

நாணயம் மேடையில் வந்தது. எதிரி சட்டைப்பையிலிருந்து எடுத்து விளக்கொளியில் தூக்கிக் காட்டினார். என் வேட்பாளர் அவரை மறுக்காமல், "அழகான நாணயம், ஆனால் வெளியே இருக்கும் பெட்ரோல் பங்க்கில் இதைப்போல் மூன்று கேட்பார்கள்" என்று தொடங்கினார். அரங்கு சிரித்தது. அதன்பின் ஓய்வூதியக்காரரைப் பற்றிய வரி, அதன்பின் 40 விழுக்காடு. அறுபது வினாடிக்குள் நான் வைத்த வரிசை எப்போதும் அதுதான்: முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விலை, அடுத்து எதிரி சொன்னதில் உள்ள உண்மை, பிறகு ஒரே ஒரு திருத்தம், கடைசியில் ஒரு காங்கிரஸ் உறுப்பினரால் உண்மையில் செய்யக்கூடிய ஒன்று. கடைசிப் பகுதிதான் எழுத மிகக் கடினமாக இருந்தது, ஏனெனில் வட்டியை ஏற்றுவதும் இறக்குவதும் ஃபெடரல் ரிசர்வின் வேலை. சபை உறுப்பினருக்கு அதில் கை இல்லை. ஜூன் 15 அன்று அவர்கள் வட்டியை 0.75 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தியது 1994-க்குப் பிறகு மிகப் பெரிய உயர்வு. அதே வாரத்தில் கடல்வழிச் சரக்குக் கப்பல் நிறுவனங்களின் நடைமுறைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இரு கட்சி ஆதரவோடு சபையில் நிறைவேறியிருந்தது, அதைக் கையிலெடுத்தோம். சிறிய விஷயம் என்று ஆலோசகர் முகம் சுளித்தார். கேள்வி கேட்டவர்கள் சுளிக்கவில்லை.

வேட்பாளர் மூன்றாவதாக வந்தார். முன்கூட்டி வாக்களிப்பு தொடங்கிப் பல வாரங்கள் ஆகிவிட்டிருந்ததால், நல்ல விவாதத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அப்போது மாற்றிக்கொள்ள வாக்கு மிச்சமிருந்ததோ தெரியாது. அடுத்த முறை யாராவது கேட்டால், கடைசி விவாதத்துக்கு அல்ல, முன்கூட்டி வாக்களிப்புக்கு முந்தைய விவாதத்துக்கே உங்கள் சக்தியைச் செலவழியுங்கள் என்பேன்.

பண விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கூட்டாட்சித் தேர்தல்களில் தன்னார்வலர் ஒருவர் தன் சொந்தப் பயணத்துக்கு ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் வரை செலவழித்தால் அது நன்கொடையாகக் கருதப்படாது. அதற்கு மேற்பட்டதும், அச்சடிப்பு, அறை வாடகை போன்றவையும் நன்கொடைக் கணக்கில் சேர்ந்துவிடும். 2022-இல் தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 2,900 டாலர். பிரைமரி தனித் தேர்தலாகக் கணக்காகும். இதெல்லாம் தெரியாமலேயே என் கடன் அட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரச்சாரத்தின் பொருளாளர்தான் பாதியில் நிறுத்தி, இனி ரசீது கொடுத்தால் பிரச்சாரக் கணக்கிலிருந்தே கட்டுகிறோம் என்றார். பச்சை அட்டை (கிரீன் கார்டு) இல்லாமல் எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ஊதியமில்லாமல் உதவலாம், ஆனால் பணம் கொடுக்கவோ வேட்பாளருக்காகச் செலவழிக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை, பிரச்சாரத்தின் முடிவுகளை எடுக்கும் இடத்திலும் உட்காரக் கூடாது. விவாத உத்தி வகுப்பது அந்த எல்லைக்கு மிக அருகில் இருக்கும் வேலை என்பதால், தொடங்குவதற்கு முன் பொருளாளரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தோற்ற பிரச்சாரங்களில் தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து தொலைபேசியை எடுக்க ஆளிருக்காது. ஒத்திகை அறையின் வாடகையை மூன்று மாதம் துரத்திய பின் கொடுத்தார்கள். கடைசியாக அடித்த அட்டைகளுக்கான அச்சகத் தொகையை நானே கட்டிவிட்டு, நன்கொடையாகப் பதிவு செய்யச் சொல்லிவிட்டேன்.